காரைக்காற் பேயார்

பேய் என்றதும் நம் மனக்கண் முன் முதலில் தோன்றுவது எது? தலைவிரி கோலமா? வெள்ளைப் புடைவையா? இரண்டும் உண்டுதான். ஆனால் ஒரு சிறு பிள்ளையிடம் பேயின் படம் வரையச் சொல்லிப் பாருங்கள். முகம் ஒன்று வரையும். வாய் ஒன்று வரையும். அந்த வாயின் இரு ஓரங்களிலும் கீழ்நோக்கி இரண்டு கோடுகள் இழுக்கும். அவ்வளவுதான், பேய் வந்துவிடும். பேயின் உயிர் பல்லில் இருக்கிறது!

எங்கள் ஊர் ஓரிக்கை. சென்ற ஆண்டு ஒருநாள், தறிகள் ஓய்ந்த முன்னிரவில், எங்கள் வீட்டுத் திண்ணையில் நண்பர்கள் நால்வர் கூடி ஓர் ஆங்கிலப் பேய்ப்படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். (மறுநாள் பருவத் தேர்வு என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.) படம் முடிந்ததும் வழக்குத் தொடங்கிற்று. டிராகுலா இரத்தத்தைப் பல்லின் வழியே உறிஞ்சுகிறானா, அல்லது பல்லால் குத்திவிட்டு வாயால் குடிக்கிறானா? விலங்கியல் படிக்கும் நண்பன் ஒன்று சொன்னான். கணிதம் படிப்பவன் வேறொன்று சொன்னான். நான் தமிழ் படிக்கும் ஆள். நம் நாட்டுப் பேய்க்கும் கோரைப்பல் உண்டே, அது அந்தப் பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று கேட்டேன். விடை வரவில்லை. அந்தக் கேள்விதான் என்னைக் காரைக்காலுக்கு அழைத்துச் சென்று திருவாலங்காட்டில் கொண்டுபோய் விட்டது.

முதலில் மேனாட்டார் கணக்கைத் தீர்த்துவிடுவோம். இரத்தம் குடிக்கும் பிணங்களைப் பற்றிய நம்பிக்கை கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் நெடுங்காலம் இருந்தது. 1725இலும் 1732இலும் செர்பிய ஊர்களில் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து ஆஸ்திரிய அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். பிணம் அழுகாமல் இருந்தது, உடல் உப்பியிருந்தது, வாயில் குருதி தெரிந்தது என்பவைதாம் அக்காலப் பேச்சு. பிணம் அழுகும் முறையை அறிந்த இன்றைய மருத்துவர்க்கு இவற்றில் வியப்பில்லை. நீண்ட பல்லோ அங்கே பேசப்படவே இல்லை! பல்லை நட்டவர்கள் பின்வந்த கதாசிரியர்கள். 1872இல் லெ பானு எழுதிய கார்மில்லா கதையில் ஊசி போன்ற பல் வருகிறது. 1897இல் அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா அந்தப் பல்லை உலகமெங்கும் கொண்டு சென்றது. திரைப்படத்திலும் அது உடனே நிலைபெறவில்லை. 1922இல் வந்த செருமானியப் படத்தில் எலிக்கு இருப்பதுபோல் முன்பற்கள் நீண்டிருந்தன. 1931இல் பேலா லுகோசி நடித்த படத்தில் நீண்ட பல்லையே காட்டவில்லை. 1958இல் கிறிஸ்டபர் லீ வாயைத் திறந்த பிறகுதான் இன்று நாம் அறிந்த கோரைப்பல் வண்ணத்தில் பளிச்சிட்டது.

எங்கள் வழக்குக்கும் விடை கிடைத்தது. கதைகளில் பல் வாயில் திறக்கும் கருவி மட்டுமே. கழுத்தில் இரண்டு துளை. பிறகு உதடுதான் வேலை செய்கிறது. மெய்யாகவே இரத்தம் உண்டு வாழும் வௌவால் நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. அது கோரைப்பல்லைக்கூட நம்புவதில்லை; சவரக் கத்தி போன்ற மேல் வெட்டுப்பற்களால் தோலைச் சீவிவிட்டு, ஒழுகும் குருதியை நாவால் நக்குகிறது. அதன் உமிழ்நீர் குருதியை உறைய விடாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிட்டால் அது இறந்துவிடும். அதனால் வயிறு நிறைந்த வௌவால், பசித்த தன் தோழிக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறதாம். இதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

டிராகுலாவுக்குப் பல் எதற்கு? குடிப்பதற்கு. குடிப்பது எதற்கு? ஸ்டோக்கரின் கதையில் தொடக்கத்தில் அவன் நரைத்த கிழவன். குடிக்கக் குடிக்க நரை குறைகிறது, கன்னம் சிவக்கிறது. பிறர் குருதியில் தன் இளமையை மீட்கிறான். கோரைப்பல் என்பது இளமையைத் திருடும் கருவி.

நம் ஊர்ப் பேய் அப்படிக் கடிப்பதில்லை. எங்கள் பாட்டி சொன்ன அத்தனை கதைகளிலும் பேய் அறையும். அறை வாங்கியவன் இரத்தம் கக்கிச் சாவான். காட்டேரியோ அச்சமும் வழிபாடும் கலந்த தெய்வம். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய நம் மக்கள் அவளைக் கயானா வரையில் கொண்டுசென்று வைத்துக் கும்பிட்டார்கள். இலக்கியப் பேய்களைப் பார்க்க வேண்டுமானால் கலிங்கத்துப் பரணியைத் திறக்கலாம். அந்தப் போருக்குக் குலோத்துங்கன் ஆணை பிறந்தது நம் காஞ்சியில், பாலாற்றுப் பக்கத்து மண்டபத்தில் என்று செயங்கொண்டார் பாடுகிறார். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. சமைக்குமுன் யானைக் கொம்பால் பல் விளக்குகின்றன; விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன; பிறகே உண்ண அமர்கின்றன. நம்மைவிட ஒழுங்கான பேய்கள்!

இந்தப் பேய்க் கூட்டத்தின் நடுவே, தானே விரும்பிக் கேட்டு, கோரைப்பல்லும் குழிவயிறும் பெற்றுக்கொண்ட ஒரு பெண் இருந்தார். தம் பாடலின் முடிவில் தம் பெயரைக் காரைக்கால் பேய் என்றே பொறித்துக்கொண்டார். அவர்தாம் காரைக்கால் அம்மையார்.

இயற்பெயர் புனிதவதி. சோழ நாட்டுக் கடற்கரைப் பட்டினமாகிய காரைக்காலில் வணிகர் தலைவன் தனதத்தனுக்கு ஒரே மகளாகப் பிறந்தார். காலம் திருஞானசம்பந்தருக்கு முற்பட்டது. ஆறாம் நூற்றாண்டையொட்டி என்று அறிஞர் பலர் கொள்வர். அவர் வரலாற்றை நமக்கு விரித்துச் சொல்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். ஆறு நூற்றாண்டு இடைவெளி உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆயினும் அம்மையாரின் சொந்தப் பாடல்கள் நம் கையில் இருப்பதால், கதை எங்கே அவரைத் தொடுகிறது என்று நாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நாகைப் பட்டினத்து வணிகன் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குப் புனிதவதியை மணம் செய்வித்தனர். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, தம் வீட்டருகே ஒரு வீடமைத்து இருவரையும் காரைக்காலிலேயே குடிவைத்தார். இல்லறம் இனிது நடந்தது. கடையிலிருந்து பரமதத்தன் ஒருநாள் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். அந்நேரம் பசியோடு ஓர் அடியார் வாயிலில் வந்து நின்றார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. புனிதவதி ஒரு கனியை இலையில் வைத்துச் சோறிட்டு அவர் பசியைத் தீர்த்தார். இந்த வரலாறு ஒரு பசியில்தான் தொடங்குகிறது. பிறர் பசி!

நண்பகலில் கணவன் வந்தான். உண்டான். மீதிக் கனியை உண்டு சுவை கண்டு மற்றொன்றையும் கேட்டான். புனிதவதி உள்ளே சென்று இறைவனை நினைந்தார். கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாக இருந்தது. எங்கே பெற்றாய் என்றான். மறைக்காமல் சொன்னார். நம்பாதவன் இன்னொன்று வரவழைக்கச் சொன்னான், அதுவும் வந்தது. அவன் கையில் வாங்கியதும் மறைந்தது.

அன்று முதல் பரமதத்தன் நெஞ்சில் அச்சம் குடிபுகுந்தது. இவள் மனைவியல்லள், தெய்வம் என்று எண்ணினான். ஒரே வீட்டில் இருந்தும் தொடர்பற்று வாழ்ந்தான். ஒருவரிடமும் சொல்லவில்லை. கப்பல் கட்டினான்; வணிகத்துக்கென்று கடலேறினான்; பொருள் ஈட்டித் திரும்பியவன் காரைக்காலுக்கு வராமல் பாண்டி நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, அங்கேயே வேறொரு வணிகன் மகளை மணந்துகொண்டான். பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் புனிதவதி என்றே பெயரிட்டான்.

பரமதத்தனைக் கொடியவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்முன்னே கனி மறைந்தால் யாருக்கும் கை நடுங்கும். விட்டுவந்தவள் பெயரைத் தன் குழந்தைக்கு வைத்தவன் அவளை மறந்தவனும் அல்லன். ஆனால் அவன் அவளிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லாமல் போனதால் காரைக்காலில் ஒரு பெண், கணவன் வருவான் என்று வீட்டைக் காத்துக்கொண்டு, தன் அழகையும் இளமையையும் அவனுக்காகவே பேணிக்கொண்டு, எத்தனை பருவம் இருந்தாள் என்று சேக்கிழார் கணக்கிடவில்லை. நம் தெருக்களிலும் அப்படிக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் கன்னியும் அல்லர், மனைவியும் அல்லர், கைம்பெண்ணும் அல்லர். மூன்று வகையினருக்கும் ஊர் ஓர் இடம் வைத்திருக்கிறது. இவர்களுக்கு மட்டும் இல்லை.

செய்தி உறவினர்க்கு எட்டியது. புனிதவதியைச் சிவிகையில் ஏற்றிப் பாண்டி நாட்டுக்கு அழைத்துச் சென்றனர். பரமதத்தன் எதிரே வந்தான். இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்தான். வந்து முதல் மனைவியின் காலில் விழுந்தான். உறவினர் திகைத்தனர். இவர் மானிடர் அல்லர், நீங்களும் வணங்குங்கள் என்பதுதான் அவன் அவர்களுக்குச் சொன்ன விளக்கம்.

அந்த ஒரு கணத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஊரறியக் காலில் விழுந்து ஒருவன் தன் மனைவியைத் தள்ளிவைக்கிறான்! அடித்திருந்தால் கேட்க நாலு பேர் இருப்பர். வணங்கிவிட்டால் யார் என்ன கேட்பது? புனிதவதி அழவில்லை, வாதாடவில்லை. இவனுக்காகத் தாங்கிய இந்தத் தசைப்பொதி இனி எதற்கு, இதைக் கழித்துப் பேய்வடிவம் தருக என்று இறைவனை வேண்டினார். வேண்டியவாறே ஆயிற்று. ஊனையும் வனப்பையும் உதறி எலும்புருவானார். கூட வந்தவர்கள் அஞ்சித் தொழுது அகன்றனர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஆணாதிக்க உலகம் ஒரு பெண்ணைப் பேயாக்கிவிட்டது என்று இன்று சிலர் இந்தக் கதையைப் படிக்கின்றனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அவர் பாடல்களைப் படித்தால், விரட்டப்பட்டவரின் குரல் அங்கே கேட்கவில்லை. விடுதலை பெற்றவரின் குரல் கேட்கிறது. அழகிய இளம்பெண் ஒருத்தி அக்காலத்தில் தனியே வழிநடந்து வடக்கே போயிருக்க முடியுமா? எலும்பும் கோரைப்பல்லும் தெரியப் போனவரை யார் தடுப்பார்? அந்தப் பல் யாரையும் கடிக்கவில்லை. ஆனால் அவருக்கு வழிவிடச் செய்தது. கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகருக்கும், எல்லையில் நிற்கும் முனீசுவரனுக்கும், காளிக்கும் கோரைப்பல் வைத்த நம் சிற்பிகள் அந்தக் காவலை அறிந்தே வைத்தனர் என்று எண்ணுகிறேன்.

பேயுருப் பெற்றதும் அற்புதத் திருவந்தாதி என்னும் நூற்றொரு வெண்பாக்களையும், இருபது பாடல்கள் கொண்ட திருவிரட்டை மணிமாலையையும் பாடினார். ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதி முறையில் நூல் முழுவதையும் முதலில் அமைத்துக் காட்டிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். பின்னர்க் கயிலைக்குச் சென்றார். இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து ஏறினார் என்பது வரலாறு. எலும்புருவாய்த் தலைகீழாக வரும் இவர் யார் என்று உமையம்மை வினவ, நம்மைப் பேணும் அம்மை இவர் என்றார் சிவபெருமான். நேரே நோக்கி அம்மையே என்றழைத்தார். தாயும் தந்தையும் இல்லாத கடவுளுக்கு ஒரு தாய் கிடைத்தார். பிள்ளை பெறாத பெண்ணுக்கு ஒரு மகன் கிடைத்தான். அவர் கேட்ட வரமும் எளியது. பிறவாமை வேண்டும், பிறந்தால் மறவாமை வேண்டும், நீ ஆடும்போது அடியின்கீழ் இருந்து பாட வேண்டும். ஆலங்காட்டுக்குப் போ என்று விடை கிடைத்தது.

திருவாலங்காடு நமக்கு அயலூர் அன்று. காஞ்சியிலிருந்து அரக்கோணம் போய், சென்னை செல்லும் இருப்புப்பாதையில் சற்றே போனால் வந்துவிடும். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஐந்து ஆடலரங்குகளுள் இரத்தின சபை அங்கேயே உள்ளது. கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகி வந்து பழி தீர்த்த நீலியின் பழையனூர் அதன் பக்கத்து ஊர். ஒரே வட்டாரத்தில் இரண்டு பேய்ப்பெண்கள்! ஒருத்தி பழி தீர்த்தாள்; ஒருவர் பாட்டுப் பாடினார்.

அங்கே அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. ஒன்று நட்டபாடை, மற்றொன்று இந்தளம் என்று பண் வகுத்துள்ளனர். தேவாரப் பதிகங்களுக்கு முற்பட்டமையால் மூத்த என்னும் அடைமொழி பெற்றன. முதற் பாட்டிலேயே ஒரு பெண்பேய் வந்துவிடுகிறது. வற்றிய மார்பு, எழுந்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட இரண்டு பற்கள். கண்ணாடி பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது! வேறொரு பேய் கள்ளிக் கிளையில் காலை நீட்டிக்கொண்டு, சிதையின் கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுகிறது. பேய்க்கும் அலங்காரம் உண்டு என்பதைச் சிரிக்காமல் சொல்கிறார்.

என்னை உலுக்கியது மற்றொரு காட்சி. ஒரு தாய்ப்பேய் சுடுகாட்டில் கிடைத்த நிணத்தை விழுங்குகிறது, தலைமாலை அணிகிறது, தன் குழந்தைக்குக் காளி என்று பெயர் வைத்து வளர்க்கிறது, அதன் மேலுள்ள புழுதியைத் துடைத்துப் பால் கொடுக்கிறது, பிறகு எங்கோ போய்விடுகிறது. தாயைக் காணாத குழந்தை அழுது அழுதே உறங்கிப்போகிறது. இத்தனைக்கும் நடுவில் இறைவன் ஆடிக்கொண்டிருக்கிறான். பேய் எதைத் தின்கிறது என்பதோடு மேனாட்டுக் கதை நின்றுவிடும். தின்றதைப் பேய் யாருக்குப் பாலாக்குகிறது என்று பார்த்தவர் காரைக்காலார். பசித்த தோழிக்கு ஊட்டும் அந்த வௌவாலை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். பேய்களோடு பேயாய் இருந்து பார்த்தவர்க்கன்றி இக்கண் வாய்க்காது. குழந்தை பெறும் வாய்ப்பைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டவர் அந்தக் குழந்தையின் அழுகையைக் கேட்டிருக்கிறார் என்பதும் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். ஓரிக்கை என்னும் பெயர் எப்படி வந்தது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேயாழ்வாரின் மாணாக்கராகிய திருமழிசையாழ்வார் திருவெஃகாவில் இருந்தார். (அங்கும் ஒரு பேய்ப்பெயர்! பக்திப் பித்தால் வந்த பெயர் அது.) அவர் இருந்த இடத்தை நாள்தோறும் தூய்மை செய்த கிழவி ஒருத்தி இளமையை விரும்பினாள். ஆழ்வார் அருளால் குமரியானாள். பல்லவ மன்னன் அவளைக் கண்டு மணந்தான். ஆண்டுகள் ஆயின, மன்னன் மூத்தான், அவள் மூக்கவில்லை. தனக்கும் இளமை வேண்டும் என்று ஆழ்வாரின் மாணவர் கணிகண்ணரை நெருக்கினான். அவர் இணங்காமையால் நாடுகடத்தினான். மாணவர் பின்னே ஆசிரியர் போனார். ஆசிரியர் பின்னே பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பர்.

சிறு வயதிலிருந்து இக்கதையைக் கேட்டிருக்கிறேன். பெருமாள் படுக்கையைச் சுருட்டியது மட்டுமே மனத்தில் நின்றது. அம்மையார் வரலாற்றைப் படித்த பிறகு அந்தக் கிழவியும் அந்த மன்னனும் கண்ணில் பட்டனர். இளமையை யாசித்துப் பெற்றவள் ஒருத்தி. அதிகாரத்தால் பிடுங்க நினைத்தவன் ஒருவன். டிராகுலா பல்லால் செய்வதைப் பல்லவன் ஆணையால் செய்யப் பார்த்தான். அதே தமிழ்நாட்டில், கையில் இருந்த இளமையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர் அம்மையார். அவர் வாயில் முளைத்த கோரைப்பல், குடித்ததற்கு அடையாளம் அன்று, கொடுத்ததற்கு அடையாளம்.

அவர் காலத்துக்குப் பின் திருஞானசம்பந்தர் ஆலங்காட்டை அணுகியபோது, அம்மையார் தலையால் நடந்த ஊரைக் காலால் மிதிக்க அஞ்சி வெளியே தங்கினார் என்று சேக்கிழார் கூறுகிறார். சுந்தரர் தம் அடியார் வரிசையில் அவரைப் பேயார் என்று குறித்தார். பேய் என்னும் சொல்லுக்கு மதிப்பு விகுதி சேர்த்து வணங்கியது உலகில் வேறெங்கேனும் உண்டோ, நான் அறியேன். அறுபத்து மூவருள் பெண்கள் மூவர். அவருள் முதல்வர் இவர். சிவன் கோயில்களில் அறுபத்து மூவரும் வரிசையாக நிற்க, இவர் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பார். அம்மா என்று இறைவனே அழைத்த பிறகு யார் எழுந்து நிற்கச் சொல்வது? காரைக்காலில் ஆனி முழுநிலவன்று மாங்கனித் திருவிழா நடக்கிறது. தெருவில் மாங்கனிகளை இறைக்கிறார்கள். குழந்தை வேண்டுவோர் மடியேந்திப் பிடிக்கிறார்கள்.

வரலாற்றுத் துறையினரோடு நாங்களும் சுற்றுலா சென்றபோது கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கினோம். பதினோராம் நூற்றாண்டில் இராசேந்திரன் எடுத்த கோயில். தென்புறச் சுவரில் ஆடவல்லான் ஆடுகிறார். அவர் அடியருகே எலும்பும் தோலுமாய் அம்மையார் அமர்ந்திருக்கிறார். எங்கள் திண்ணை வழக்கின் நினைவில் நான் பல்லைத் தேடினேன். கீழே நின்று பார்த்த எனக்குப் பல் தென்படவில்லை. கையிலிருந்த தாளம் தெரிந்தது. வண்டிக்கு நேரமாயிற்று என்று ஆசிரியர் அழைத்தார். நண்பன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.